மணல் திட்டில் நின்றவள்

இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். அந்த அரிக்கேன் திரியைக் குறைத்துவிடுங்கள்... போதும்.

இது நம்ம ஊர் பிச்சைமணியின் தாய்மாமன் சுருளியாண்டிக்கு நடந்தது. முப்பத்திரண்டாம் வருஷம், ஐப்பசி மாதம். விளக்கு வைக்கும் நேரம். தேவாரம் ஊரிலிருந்து கிழக்கே வரும் வண்டிப்பாதை முல்லையாற்றில் இறங்கும் இடம். அப்போது பாலம் கிடையாது. மருதமரங்கள், தண்ணீர்ச் சத்தம்... வேறு ஒரு ஈ காக்கை இல்லை.

மலையடிவாரத்தில் காடு வெட்டிக் குடியேறப் போன சம்சாரிகளை அக்கரை சேர்க்க, அந்தத் துறையில் முதல் பரிசல் போட்டவர் சுருளியாண்டியின் அப்பா. அவர் வைத்த கட்டு ஒன்றுதான். அக்கரையிலிருந்து குரல் வந்தால், முடியாதென்றால் முடியாதென்று சொல்லிவிட வேண்டும். 'வாரேன்' என்று சொல்லிவிட்டால், போயே ஆக வேண்டும்.

அன்றைக்கு மலையில் நல்ல மழை. ஆறு செம்மண்ணாகக் கலங்கி ஏறிக்கொண்டிருந்தது. அப்பாவுக்குப் பிறகு துடுப்புப் பிடித்த சுருளியாண்டி பரிசலைக் கரையில் கவிழ்க்கப் போனார். குரல் கேட்டது.

"ஏ... பரிசக்கார அண்ணே!"

ஆற்று நடுவில் ஒரு மணல் திட்டு. அக்கரையிலிருந்து அதுவரைக்கும் நடந்தே வந்துவிடலாம்; இந்தப் பக்கம்தான் ஆழம். திட்டில் ஒருத்தி நின்றாள். மழைக்குச் சாக்கை மடித்து, தலையோடு உடம்பையும் மூடிக் கொங்காணியாகப் போட்டிருந்ததால் உருவம் மட்டும்தான் தெரிந்தது.

"அங்கனயே நில்லு ஆத்தா! வாரேன்!"

சொல்லிவிட்டார். பரிசலில் ஒரு காலையும் வைத்துவிட்டார்... வேரோடு ஒரு மரம் உருண்டு வந்தது. மடார் என்று பாறையில் மோதிப் பிளந்தது. அந்தச் சத்தத்தில் பயந்துபோய், வைத்த காலை எடுத்தார். பரிசலைக் கட்டினார். 'வர முடியாது, திரும்பிப் போ' என்று கத்தியிருந்தால் அவள் அக்கரைக்கே போயிருப்பாள். கத்த வெட்கம். பேசாமல் வீட்டைப் பார்த்து நடந்தார். பின்னால் இன்னொரு தடவை கூப்பிட்டது... அவர் திரும்பவில்லை.

"யாரும் கூப்பிட்டாகளா?" என்று கேட்டாள் மனைவி அய்யம்மாள்.

"ஒருத்தருமில்ல."

மறுநாள் காலையில் மடையருகே ஒரு பெண்ணின் உடல் ஒதுங்கியது. ஏலமலைக்கு வேலைக்குப் போன வெளியூர்க்காரி என்றார்கள். பெயர்கூடத் தெரியவில்லை. தூக்கியவர்களில் சுருளியாண்டியும் ஒருவர். ஈரச் சேலையில் பச்சை ஏலக்காய் வாசம்... அதற்குப் பிறகு சோற்றில் கை வைத்தாலும் அந்த வாசம்தான். பாதியில் எழுந்துவிடுவார். ஏன் என்று அய்யம்மாளிடம் சொன்னதில்லை.

அடுத்த ஐப்பசி. மறுபடியும் செம்மண் வெள்ளம். பொழுது மங்கும்போது, திட்டிலிருந்து அதே குரல்.

சுருளியாண்டி யோசிக்கவில்லை. செத்தாலும் சரி என்று துடுப்பை எடுத்தார். வெள்ளம் பரிசலைப் பம்பரமாகச் சுற்றியது. எப்படியோ போய்ச் சேர்ந்தார். திட்டில் யாரும் இல்லை. தண்ணீர்தான் புரண்டுகொண்டிருந்தது.

பரிசலைத் திருப்பினார். அப்போது ஒரு பக்கம் தாழ்ந்தது... ஈரத்துணி சொட்டும் சத்தம். சொட்... சொட்... முதுகுக்குப் பின்னால் ஏலக்காய் வாசம்.

"பயந்துட்டேன் ஆத்தா... பயந்துட்டேன்..." கரை வரும்வரை அதையே சொல்லிக்கொண்டு துடுப்புப் போட்டார். திரும்பிப் பார்க்கவே இல்லை.

அவரைக் காணாமல் தேடிவந்த அய்யம்மாள் லாந்தரோடு கரையில் நின்றாள். அவரைப் பார்க்காமல், அவருக்குப் பின்னால் கை நீட்டினாள்.

"பாத்து எறங்குங்க. வழுக்கும்."

பரிசல் சட்டென்று லேசாகி ஆடியது.

சுருளியாண்டி ஈர மணலில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அழுதார். போன வருஷம் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார். அய்யம்மாள், இறங்கியவள் நடந்து போன, இருட்டிவிட்ட பாதையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு மெதுவாகக் கேட்டாள்:

"அப்ப... எறங்கிப் போனவ இடுப்புல ஒரு பிள்ளை இருந்துச்சே. அந்தப் பிள்ளைய அன்னைக்கு யாருமே தேடலையா?"