பன்னிரண்டாவது திங்கட்கிழமை

— பேரைச் சொல்ல முடியாது சிஸ்டர். ரூல்ஸ்னு ஒண்ணு இருக்கு இல்லையா. நீங்க நர்ஸ், உங்களுக்கே தெரியும்.

— தெரியும் சார். அதைத் தெரிஞ்சுக்கவா விடியக்காலை பஸ்ஸைப் பிடிச்சு ஆறு மணி நேரம் நின்னுக்கிட்டே வந்தேன்?

— முதல்ல உட்காருங்க. அந்தப் பையைக் கீழ வைங்க.

— மடியிலயே இருக்கட்டும். பழகிப் போச்சு.

— அதாவது, பதினொண்ணரைக்கு எனக்கு மீட்டிங். எல்லா மாவட்டத்துக்காரங்களும் மாடியில வந்து உட்கார்ந்துட்டாங்க. புற்றுநோய்ப் பரிசோதனைக்கு யார் யார் வந்தாங்க, யாரைத் திரும்பக் கூப்பிட்டோம், மாநிலம் முழுக்க நடக்கறதை நான்தான் ஒண்ணாச் சேர்த்துச் சொல்லணும். சீக்கிரம் சொல்லுங்க.

— இந்த போனைப் பாருங்க. திங்கக்கிழமை ஆனா காலைல பத்து மணிக்கு டாண்ணு வந்துடுது. பார்க்காமயே சொல்வேன், மனப்பாடம். "உங்கள் கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனையின் முடிவு குறித்து உடனே மாவட்ட மருத்துவமனைக்கு வரவும்." அவ்வளவுதான். யாருக்குன்னு பேரே இல்ல.

— இதை எழுதினதே நான்தான். பேரை வேணும்னுதான் விட்டேன். வீட்டுல போனை யார் எடுப்பாங்கன்னு தெரியாது. புருஷன் பார்ப்பான், மாமியார் பார்ப்பாங்க. வீண் வம்பு.

— நல்ல எண்ணம்தான், இல்லேங்கல. ஆனா என் பக்கத்துல இருபத்து மூணு பொம்பளைங்களுக்குச் சொந்தமா போனே கிடையாது. கேம்ப் நடந்தப்ப நம்பர் இல்லாம பேரை ஏத்த மாட்டேன்னு உங்க கம்ப்யூட்டர் அடம் பிடிச்சுச்சு. நான் என்ன பண்ணுவேன், அத்தனை பேருக்கும் என் நம்பரைக் குடுத்துட்டேன்.

— அத்தனை பேருக்குமா?

— பின்ன, திருப்பி அனுப்பச் சொல்றீங்களா? ஒவ்வொருத்தியையும் கையைக் காலைப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்தேன் சார். வந்தாளுங்களே தவிர, உள்ள போகணுமே, ம்ஹூம். நீ போ, நீ போன்னு வாசல்லயே தள்ளிக்கிட்டு நின்னாளுங்க. மணி பதினொண்ணு ஆச்சு, ஒருத்தி அசையல. கடைசியில நானே போய்ப் படுத்தேன். "பாருங்கடி, உசிரோடதான எழுந்து வரேன்"னு சிரிச்சுக்கிட்டே வெளிய வந்தேன். அப்புறம்தான் வரிசையே நகர்ந்துச்சு.

— சரி, மெசேஜுக்கு வாங்க.

— அதுக்குத்தான் வரேன். அந்த இருபத்து மூணு பேர்ல ஒருத்திக்கு ஏதோ இருக்கு. அது யாரு? மாவட்ட ஆஸ்பத்திரியில கேட்டா, எங்ககிட்ட சாம்பிள் பாட்டில் நம்பர் மட்டும்தான், பேரு தலைமை ஆபீஸ்லங்கறாங்க. இங்க போன் போட்டா, பக்கத்துப் பிரிவைக் கேளுங்கறாங்க. அந்தப் பிரிவு திரும்பவும் முதல் பிரிவைக் காட்டுது.

— பேரு ஒரு பிரிவுல, முடிவு ஒரு பிரிவுல. ரெண்டையும் சேர்த்துப் பார்க்கிற அனுமதி எனக்கு மட்டும்தான்.

— அப்ப சரியான இடத்துக்குத்தான் வந்திருக்கேன். பாட்டில் நம்பர் போட்ட சீட்டைப் பத்திரமா வைங்கடின்னு தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன். ஒருத்தி துணியோட சேர்த்துத் துவைச்சுட்டா. இன்னொருத்தி வீட்டுல பிள்ளை கப்பல் பண்ணிடுச்சு. யாரைக் கேட்டாலும் சீட்டு இல்ல.

— இதுவரைக்கும் எத்தனை மெசேஜ்?

— பதினொண்ணு.

— பதினொண்ணா? சிஸ்டர், பன்னெண்டுக்கு மேல போகாது. அதுக்கும் ஆள் வரலேன்னா, "வர விருப்பமில்லை"ன்னு பதிஞ்சு கம்ப்யூட்டரே அந்தப் பேரை மூடிடும்.

— தெரிஞ்சுதான் வந்தேன். வர்ற திங்கக்கிழமை பன்னெண்டாவது. கூப்பிட்டதே அவளுக்குத் தெரியாது, அப்புறம் விருப்பமில்லைன்னு எப்படி சார் எழுதுவீங்க?

— எங்க பக்கம் நூத்துக்குத் தொண்ணூத்தெட்டு மெசேஜ் போய்ச் சேர்ந்ததாத்தான் காட்டுது. இன்னிக்கு மீட்டிங்ல திரையில காட்டப் போற முதல் படமே அதுதான்.

— போய்ச் சேர்ந்துச்சு. என்கிட்ட.

— ஐயா, உள்ள வரலாமா? மேல எல்லாரும் வந்தாச்சு, உங்களைக் கேக்கறாங்க.

— அஞ்சு நிமிஷம்னு சொல்லுப்பா. கதவைச் சாத்திட்டுப் போ. சிஸ்டர், மெசேஜ் வந்ததும் நீங்க என்ன பண்ணீங்க?

— சும்மா இருக்க முடியுமா? திங்கக்கிழமை மெசேஜ் வரும், செவ்வாய்க்கிழமை ரெண்டு பேரை மினிபஸ்ல ஏத்திக்கிட்டு மாவட்ட ஆஸ்பத்திரிக்குப் போயிடுவேன். மறுபடியும் பாருங்கம்மான்னு டாக்டர்கிட்ட கெஞ்சுவேன். அங்கேயே பார்த்துக் கையோட சீட்டு குடுத்துடுவாங்க. இவளுங்க உள்ள போனா, நான் வெளிய பெஞ்சுல அவளுங்க பை, செருப்பு, கைக்குழந்தை எல்லாத்தையும் வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருப்பேன். பதினோரு வாரம், இருபத்து ரெண்டு பேர். இதோ சீட்டு. ஒருத்திக்கும் ஒண்ணுமில்ல.

— மிச்சம் ஒருத்தர்.

— தையல்காரி. அவளேதான். கேம்ப் முடிஞ்ச மாசமே புருஷனோட வேற ஊருக்குப் போயிட்டா, ஏதோ துணி கம்பெனியில வேலைன்னு. விலாசம் தெரியல. முப்பத்து நாலு வயசு, ரெண்டும் பொட்டப் பிள்ளைங்க. நினைச்சா சாப்பாடு இறங்கல சார். நீங்க பேரைச் சொல்லவே வேணாம். நான் சொல்றேன், நீங்க தலையை மட்டும் ஆட்டுங்க. அவ எந்த ஊர்ல இருக்கான்னு தேடி, அந்த ஊர் நர்ஸுக்கு ஒரு போன் போடுங்க, அவ போய்ப் பிடிச்சுக்குவா.

— காலை ஆட்டாதீங்க சிஸ்டர், மேஜையே ஆடுது. தையல்காரியோட பிறந்த தேதி இருக்கா?

— இந்த நோட்டுல இருக்கு. இதோ, இந்த வரி.

— ஒரு நிமிஷம். ஒரு நிமிஷம். ஆங், கிடைச்சுட்டாங்க. வேற மாவட்டத்துல இருக்காங்க. போன மாசம் அவங்க கம்பெனியிலயே கேம்ப் நடந்திருக்கு, மறுபடியும் பார்த்திருக்காங்க. ரெண்டு தடவையும் ஒண்ணுமில்ல.

— நல்லாப் பாருங்க.

— பார்த்துட்டேன். அவங்க இல்ல.

— அப்படின்னா உங்க மெசேஜ்தான் தப்பா? பதினோரு வாரம் என்னை லோ லோன்னு அலைய விட்டது ஒரு மெஷினா? இல்ல, கோபமில்ல சார். சந்தோஷம்தான். ஒருத்திக்கும் ஒண்ணுமில்லேன்னா எனக்கு அதைவிட என்ன வேணும். ஒண்ணரை மணி பஸ்ஸையே பிடிச்சுடுவேன்.

— உட்காருங்க. உங்க நம்பரைப் போட்டுப் பார்க்கறேன். இருபத்து மூணு பேர்னுதான சொன்னீங்க?

— ஆமா.

— இருபத்து நாலு காட்டுது.

— இருக்கவே இருக்காது. ஒவ்வொருத்தியையும் அவ வீட்டு வாசப்படியோட எனக்குத் தெரியும்.

— ஒரே ஒரு பாட்டிலுக்குத்தான் சிவப்புக் குறி இருக்கு. கேம்ப்ல முதல் பாட்டில்.

— முதல் பாட்டிலா? அதை விடுங்க. அது இவளுங்க பயம் தெளியறதுக்காகச் சும்மா பண்ணினது. பேரையும் நம்பரையும் எழுதினாத்தான் பாட்டிலைத் தருவேன்னு லேப் ஆளு நின்னான், என் பேரையே எழுதித் தொலைச்சேன்.

— அது சும்மா எடுத்ததுன்னு லேப்ல தெரியாது சிஸ்டர்.

— எனக்கெல்லாம் ஒண்ணுமில்ல சார். நான் நல்லாத்தான இருக்கேன். பஸ்ல நின்னுக்கிட்டே வந்தேன்னு சொன்னேனே.

— ஐயா, மேல ரொம்பக் கோபமா இருக்காங்க.

— நான் வரலேன்னு சொல்லு. அந்தப் படத்தை யாரும் காட்ட வேணாம்னும் சொல்லு. அக்கா, இங்க பாருங்க. நிமிர்ந்து என்னைப் பாருங்க. பதினோரு தடவையும் அந்த மெசேஜ் சரியான ஆளுக்குத்தான் வந்திருக்கு. மூணாவது மாடியில டாக்டரம்மா இருக்காங்க, இப்பவே பார்த்துடலாம். எழுந்திருங்க.

— வரேன். வரேன் தம்பி. நான் உள்ள போயிட்டா, என் பையை யாரு வெச்சுக்குவா?