பதின்மூன்று நாள் ஒருபொழுது

என் பெயர் பாண்டீஸ்வரி, வயது 46, கணவர் காலஞ்சென்ற கருத்தக்கண்ணன். உசிலம்பட்டி அருகே தோட்டத்து வீட்டில் குடியிருந்து, மாடு வைத்துப் பிழைத்து வருகிறேன்.

என் கணவருக்கு இரைப்பையில் கட்டி இருந்தது. 13.02.2025 அன்று மதுரையில் மருத்துவமனையில் காட்டியபோது, ஆள் எலும்பும் தோலுமாக இருப்பதால் இரண்டு வாரம் உடம்பைத் தேற்றிக்கொண்டு வந்த பிறகே ஆபரேஷன் என்றார்கள். அங்குள்ள டயட்டீஷியன் முத்துச்செல்வி தினமும் மூன்று முட்டை, மீன், பால் என்று தாளில் எழுதி, எனக்குப் படித்தும் காட்டினார். அதன் பிறகு ஊருக்கு வந்தோம். கத்தி படப்போகிற உடம்புக்குச் சாமி துணை வேண்டுமென்று, மறுநாளே சிவராத்திரிக்காகக் குலசாமி கோயிலில் அவருக்குக் காப்புக் கட்டவைத்தேன். காப்புக் கட்டினால் முட்டை, மீன் என்று எந்தக் கவிச்சியும் ஆகாது. ஒருபொழுதுதான் சாப்பாடு.

முத்துச்செல்வி தினமும் போனில், "அக்கா, முட்டை சாப்பிட்டாரா?" என்று கேட்பார். "மூணும் சாப்பிட்டாரு பாப்பா" என்பேன். விரதம் என்றால் திட்டுவார், ஆபரேஷன் தள்ளிப்போகும் என்று பயந்தேன். வீட்டுக் கோழி முட்டைகளை அடைக்கு வைத்துவிட்டேன். ஒருநாள் என் கணவர், "ஒன்னே ஒன்னு அவிச்சுக் குடேன்" என்றார். "சாமி குத்தமாயிரும், பேசாம இருங்க" என்று அதட்டினேன்.

27ஆம் தேதி மருத்துவமனையில் பார்த்தபோது எடை இரண்டு கிலோ குறைந்திருந்தது. "அம்புட்டும் சாப்பிட்டாரு, நோவுதான் விடல" என்று மறுபடியும் பொய் சொன்னேன். கட்டி வழியை அடைத்துவிட்டதால் இனியும் காத்திருக்க முடியாதென்று மறுநாள் ஆபரேஷன் செய்தார்கள். அதன் பிறகு ஆறாம் நாள் தையல் விட்டது. புண் ஆற உடம்பில் சத்தில்லை என்றார்கள். முத்துச்செல்வி கட்டிலருகே வந்து அவரிடமே கேட்டபோது, அவர் என்னைப் பார்த்துவிட்டு, "எல்லாம் குடுத்துச்சு தாயி, நல்லாத்தான் பாத்துக்கிருச்சு" என்றார். 09.03.2025 காலையில் இறந்துபோனார்.

அதன் பிறகு என் கொழுந்தன் சிவக்குமார், எல்லாம் கொடுத்ததாக அண்ணன் வாயாலேயே சொன்னார் என்றும், சொன்னபடி கொடுத்தும் தேறவில்லையென்றால் சொல்லிக் கொடுத்ததே தப்பு என்றும் முத்துச்செல்வி மீது புகார் கொடுத்தார். அந்தப் பெண்ணை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள். அவர் மேல் ஒரு குற்றமும் இல்லை. பட்டினி போட்டவள் நான். சாமியை நம்பித்தான் செய்தேன், ஆனாலும் என் மனது ஆறவில்லை. என் கணவர் கடைசியாகச் சொன்னது பொய். என்னைக் காப்பாற்றச் சொன்னது. அதை உண்மையென்று எழுதிக்கொள்ள வேண்டாம்.

எழுதியதை வாசிக்கக் கேட்டேன். நான் சொன்னது சொன்னபடி இருக்கிறது, யாரும் சொல்லிக் கொடுத்துச் சொல்லவில்லை.

ஒப்பம்: க. பாண்டீஸ்வரி