மிஞ்சிய நட்டு

எந்த வண்டியைப் பிரித்துப் பூட்டினாலும் கடைசியில் ஒரு நட்டு மிஞ்சும் என்பது எங்கள் பக்கத்து ஆண்கள் அலுக்காமல் சொல்லும் ஜோக். நட்டை உள்ளங்கையில் வைத்துக் காட்டி, "கம்பெனிக்காரன் ஒண்ணு கூடுதலாப் போட்டுட்டான் போல" என்பார்கள். சுற்றி நிற்பவர்கள் சிரிப்பார்கள். எனக்குச் சிரிப்பு வந்ததில்லை. நான் பூட்டிய எதிலும் எதுவும் மிஞ்சியதில்லை.

டெபுடி, நான் அழுவதற்காக இந்தப் போலீஸ் ஸ்டேஷனுக்கு வரவில்லை. ஒரு தவறான தகவலைத் திருத்த வந்தேன். அடிச்சட்டத்தில், அதாவது சேசிஸில், வெல்டிங் விட்டுப்போனதால்தான் பிக்கப் வண்டி ஆற்றில் இறங்கியது, என் அப்பாவும் அண்ணனும் செத்தார்கள் என்று உங்கள் ஆள் சொன்னாராம். நேற்று அடக்கம் முடிந்து உருளைக்கிழங்கு சாலட் சாப்பிட்டுக்கொண்டே எல்லோரும் அதைத்தான் பேசினார்கள். "வேட் பாவம், வெல்டிங்குல கொஞ்சம் அசால்ட்டா இருந்துட்டான்." வேட் என் அண்ணன். அவன் வாழ்க்கையில் வெல்டிங் ராடைத் தொட்டதில்லை. அந்த வெல்டிங் நான் போட்டது. அது விடவில்லை.

வண்டி ஐம்பத்து நாலாம் வருஷத்து ஷெவர்லே பிக்கப். பல வருஷம் மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் நின்றது. கேபின் கல் மாதிரி இருந்தது; அடியில் சேசிஸ் விரலால் குத்தினால் உதிர்ந்தது. எனவே தீப்பிடித்த ஒரு புது பிக்கப்பை வாங்கி, மேலே இருந்த கரியையெல்லாம் கழற்றிப் போட்டுவிட்டு, அதன் சேசிஸை நடுவில் வெட்டிக் குறுக்கி, திரும்ப வெல்டிங்கில் ஒட்டி, பழைய கேபினை அதன்மேல் இறக்கினேன். இன்ஜின் உங்கள் டிபார்ட்மெண்ட் ஏலத்தில் விட்ட ரோந்துக் காருடையது. அது நல்ல இன்ஜின். நீங்கள்தான் ஆயில் மாற்றவே இல்லை.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். மெக்கானிக்கல் படித்தேன். அதற்குப் பரிசாக வேட் என் பெயரை மறந்துவிட்டு என்னைக் 'காலேஜு' என்றே கூப்பிட்டான். நான் வண்டிக்கு அடியில் கிடக்கும்போது அவன் பீரோடு வந்து உட்கார்ந்து, "காலேஜு, இதெல்லாம் புஸ்தகத்துல இருக்கா, இல்ல நீயா அடிச்சு விடறியா?" என்பான். பச்சை நிறத்தைத் தேர்ந்தெடுத்தது அவன். அதை நான் மறுக்கவில்லை.

மாவட்டக் கண்காட்சியில் பிக்கப்புக்கு முதல் பரிசு கிடைத்தது. மைக்கில் வேட் பெயரைக் கூப்பிட்டார்கள். அவனும் போய் வாங்கினான். யாரோ அப்பாவிடம், "ஒன் பொண்ணும் கூட நின்னு செஞ்சாளாமே?" என்று கேட்டார்கள். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

"ஸ்பானர் எடுத்துக் குடுத்தா" என்றார் அப்பா. "தங்கமான பொண்ணு."

தானாகப் போய்ச் சொன்னால் அது பீற்றல். யாராவது, ஒரே ஒருவர், என் பக்கம் திரும்பிக் கேட்டிருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பேன். அந்த நேர்மை என்னிடம் உண்டு. இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

பழைய கேபினைப் புது சேசிஸில் வைத்தால், ஸ்டியரிங் தண்டு கீழே இருக்கும் ஸ்டியரிங் பெட்டிக்கு எட்டாது. நடுவில் ஒரு இணைப்புத் தண்டு செய்து போட வேண்டும். அதை நான் கல்லூரிப் பட்டறையில் கடைந்தேன். அதைப் பிடித்திருப்பது ஒரு போல்ட், அந்தப் போல்டைப் பிடித்திருப்பது ஒரு நட்டு. ஞாயிற்றுக்கிழமை காலை அப்பாவும் வேட்டும் மலைக்கு அந்தப்புறம் நடக்கும் பழைய பிக்கப்காரர்கள் கூட்டத்துக்குக் கிளம்பினார்கள். அதற்கு முன் நான் அடியில் படுத்து அந்த நட்டைக் கழற்றினேன்.

ஒளித்து வைக்கவில்லை. பெட்ரோலில் கழுவி, துடைத்து, ஸ்டியரிங்குக்கு நேர் எதிரே டேஷ்போர்டில் வெயில் படும் இடத்தில் வைத்தேன். இதைவிட நியாயமான பரீட்சை எதுவும் இல்லை. வண்டியைக் கட்டியவனுக்கு அந்த நட்டைப் பார்த்ததும் தெரியும். தெரியவில்லையென்றால் அவன் கட்டவில்லை.

வேட் பார்த்தான். எடுத்தான். "இங்க பாரு காலேஜு, ஒண்ணு மிஞ்சிருச்சு. கம்பெனிக்காரன் கூடுதலாப் போட்டுட்டான்." அப்பாவிடம் தூக்கிப் போட்டான். வராந்தாவில் நின்ற அண்ணி டீனா சிரித்தாள். அன்றைக்கு முதல் தடவையாக எனக்கும் சிரிப்பு வந்தது.

மீதி உங்களுக்குத் தெரியும். நட்டு இல்லாத போல்ட் சமதரையில் கொஞ்ச தூரம் தாங்கும். ஊரைத் தாண்டும், பெட்ரோல் பங்கைத் தாண்டும். பாலத்துக்கு இறங்கும் வளைவில் ஸ்டியரிங்கை முழுசாக ஒடிக்கும்போது கழன்று விழும். என் கணக்கு அப்படித்தான் இருந்தது, சரியாகவும் இருந்தது. சேசிஸைத் தூக்கிக் கழுவிப் பாருங்கள். பாறையில் மோதி முன்பக்கம் கிழிந்திருக்கும். உங்கள் ஆள் பார்த்தது அதைத்தான். நான் ஒட்டிய இடம் தலைமுடி அளவுகூட விலகியிருக்காது. சீட் பெல்ட்டுகளும் நான் போட்டவை. இருவரும் உட்கார்ந்த இடத்திலேயே இருந்தார்கள் என்றீர்களே, அதனால்தான்.

அப்பா என்ன தப்பு செய்தார் என்கிறீர்கள். அவர் எப்போதும் வேட் ஓட்டும் வண்டியில்தான் ஏறுவார். அது அவர் எடுத்த முடிவு.

டீனா உங்களிடம் சொன்னதும் சரிதான், மறைக்க மாட்டேன். அப்பா அந்த நட்டைத் தூக்கி எறியவில்லை. விரல்களுக்கு நடுவில் உருட்டிப் பார்த்தார். பானெட்டைத் திறந்து எட்டிப் பார்த்தார். அப்புறம் நான் கை கழுவிக்கொண்டிருந்த குழாயடிக்கு வந்தார்.

"மார்லா, இது எங்க வரும்மா? ஒனக்குத்தானே தெரியும்."

"நான் ஸ்பானர் எடுத்துக் குடுக்கறவதானேப்பா. அவனைக் கேளுங்க."

வேட் ஹாரன் அடித்தான். அப்பா நட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போய் ஏறினார். அவர் உடைமைகளோடு நீங்கள் கட்டி வைத்திருக்கும் பையில் அது இருக்கும்.

அவர் கேட்டது உண்மைதான். ஆனால் வேட் காதில் விழாதபடி, குரலைத் தாழ்த்திக் கேட்டார். அதை என்னிடம் கேட்டதாக நான் கணக்கில் சேர்க்கவில்லை.

இப்போது எழுதுங்கள். வெல்டிங் விடவில்லை.