கரண்ட் இல்லாத கொஞ்ச தூரம்

பொன்னேரியைத் தாண்டிய மின்சார ரயிலில் திடீரென்று விளக்கு அணைந்தது, விசிறி நின்றது. வண்டி ஓடிக்கொண்டுதான் இருந்தது. எதிர் சீட்டில் லைட்ஹவுஸ் குப்பத்து மீனவக் கணவன், மனைவி.

"இன்னாய்யா, கரண்ட் போச்சா?"

"போவல. ரெண்டு பக்கத்துக் கரண்டும் ஒண்ணா சேரக் கூடாதாம். அதனால நடுவுல கொஞ்ச தூரம் கம்பியில கரண்டே இருக்காது. வந்த வேகத்துலயே தாண்டிடுவான்."

"நடுவுல நின்னுட்டா?"

"நிக்காது. அடுத்தவன் வலை குறுக்க வந்தா நாம இன்ஜின ஆஃப் பண்ணித் தூக்கிக்கினு, போட்ட சும்மா மெதக்க உட்டுத் தாண்டுறோம்ல, அது மாதிரி."

விளக்கு எரிந்தது, விசிறி சுற்றியது.

"இவ்ளோ தெரியுதுல்ல. அப்புறம் நேத்து எங்க அண்ணன் வலை மேல மட்டும் ஏன்யா இன்ஜின ஓட்டிக் கிழிச்ச?"

அடுத்த ஸ்டேஷன் வரைக்கும் அவர் விசிறியையே பார்த்துக்கொண்டு வந்தார்.