டச்சஸ் வந்த அன்று எனக்குத் துடக்கு இல்லை

அரச குடும்பங்களைப் பின்தொடர்வதற்குப் பொறுமை ஒன்றுதான் வேண்டும். மற்றப்படி அது யாருக்கும் தொல்லையில்லாத பொழுதுபோக்கு. மழைக்கு ஒரு கோட், மடக்கு நாற்காலி, பிளாஸ்கில் தேநீர், ஒரு இடியப்பப் பார்சல் இருந்தால் அரண்மனை வாசலில் ஒரு பகலைச் சந்தோசமாகக் கழித்துவிடலாம். கடைசியில் கார் போகும். முகம் தெரியாது, தொப்பி தெரியும். எனக்கு அது போதும்.

என் பெயர் பாலாம்பிகை. யாரும் என்னை இந்தப் பொலிஸ் நிலையத்துக்குக் கூப்பிடவில்லை. நானாகவே பஸ் பிடித்து வந்தேன். எனக்கு ஆங்கிலம் நன்றாக வரும். லண்டன் மோர்டனுக்கு வந்து பாதி ஆயுள் போய்விட்டது. ஆனால் துடக்கு என்பதை ஆங்கிலத்தில் சொல்ல எனக்குத் தெரியாது. அதனால்தான் மொழிபெயர்க்க ஒரு தமிழ்ப்பிள்ளை வேண்டும் என்று உங்களிடம் கேட்டேன். தக்ஷிகா நல்ல பிள்ளையாகத் தெரிகிறா. நான் சொல்லச் சொல்ல உங்களுக்குச் சொல்லட்டும்.

இங்கிலாந்து மட்டுமல்ல, டென்மார்க், நோர்வே, ஸ்பெயின் எல்லாம் எனக்குப் பழக்கம். யார் யாருக்கு மச்சாள், எந்தக் கலியாணத்தில் யார் யாரோடு பேசவில்லை, யாருடைய முடி யார் தலைக்குப் போனது, எல்லாம் தெரியும். எங்கள் யாழ்ப்பாணத்து ஆட்களுக்கு இது பெரிய வித்தையல்ல. சொந்தம் பிடிப்பதும் பகை நினைவு வைத்திருப்பதும் எங்களுக்குக் கைவந்த கலை.

என் கணவர் சபாரத்தினத்துக்கு இதில் ஈடுபாடில்லை. அவருக்கு உள்ளூர் அரசியல். எந்தத் தெருவில் குப்பை எடுக்கவில்லை, எந்த மூலையில் விளக்கு எரியவில்லை, கவுன்சிலில் யார் யாரைக் கவிழ்க்கப் பார்க்கிறார் என்று எல்லாம் விரல்நுனியில் வைத்திருப்பார். எனக்கு அரண்மனை, அவருக்குக் குப்பைத்தொட்டி. சண்டையில்லாமல் வாழ்ந்தோம்.

"உம்மடை இளவரசியள் ஆரேன் வந்து எங்கடை றோட்டுக் குழியை மூடுவினமே?" என்று கேட்பார்.

"உங்கடை கவுன்சிலர் மூடிப்போட்டாரோ?" என்பேன்.

சிரிப்பார். நல்ல மனிதர். அவரைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

எங்கள் கோயில் முன்பு டயர்க் கடையாக இருந்தது. அதன் பின்பக்கத்து மண்டபத்தில் வயதானவர்களுக்கு மதியச் சாப்பாடு கொடுக்கிறோம். கோயில் தலைவர் கணேஸ்வரன். அவருக்குக் கவுன்சிலர் ஆக வேண்டும் என்று ஆசை. கதவு கதவாகத் தட்டி நோட்டீஸ் கொடுக்கும் கால்கள் என் கணவருடையவை. இந்தச் சாப்பாட்டுத் திட்டத்தைப் பார்க்க அரச குடும்பத்திலிருந்து ஒரு டச்சஸ் வரப்போகிறா என்று மாசி மாதம் கவுன்சிலிலிருந்து தகவல் வந்தது. கணேஸ்வரன் சந்தோசத்தில் மூன்று கோட் தைக்கக் கொடுத்தார்.

வாசலில் ஆராத்தி எடுக்க இரண்டு சுமங்கலிகள் வேண்டும். கணேஸ்வரன் தன் மனைவி றஜீனாவையும் மனைவியின் தங்கையையும் போட்டார். றஜீனாவுக்கு ராணிக்கும் இளவரசிக்கும் வித்தியாசம் தெரியாது. அன்றுதான் என் கணவர் வாழ்க்கையில் முதல்தடவையாகக் கூட்டத்தில் மேசையில் அடித்தார்.

"தலைவர், இந்த ஏரியாவில அரச குடும்பத்தைப் பற்றி விளங்கின ஒரே ஆள் என்ரை மனிசி. தட்டு அவவுக்குத்தான். இல்லாட்டி மே மாசத் தேர்தலுக்கு உங்கடை நோட்டீசை நீங்களே குடுங்கோ."

தங்கையின் பெயர் வெட்டுப்பட்டது. தட்டு என் கைக்கு வந்தது, பக்கத்தில் பன்னீர்ச் செம்போடு றஜீனா. அதோடு விடவில்லை. நெருப்புக் கூடாது என்று கவுன்சிலில் ஒரு பெண் சொன்னா. என் கணவர் அவவோடு மூன்று கூட்டம் பேசி, வாழைப்பழத் துண்டில் ஒரே ஒரு திரி, பக்கத்தில் தீயணைக்கும் சிலிண்டரோடு ஒரு ஆள் என்று முடித்துக்கொண்டு வந்தார். எனக்காகத்தான் செய்தார். அவர் அப்படிப்பட்டவர்.

நான் தினமும் குளியலறைக் கண்ணாடிக்கு முன்னால் அரச மரியாதைக்கு முழங்காலை மடக்கிப் பழகினேன். டச்சஸ் பெரும்பாலும் நீலம் உடுப்பா. மோதக்கூடாது என்று மாம்பழ நிறத்தில் சேலை எடுத்தேன்.

டச்சஸ் வருகிற அன்று காலை என் கணவரும் கோட் போட்டு, டை கட்டி, சப்பாத்துக்கு நாடா கட்டச் சோபாவில் குனிந்தார். நிமிரவில்லை. முகம் சாம்பல் பூத்துப்போய் வேர்த்தது.

"இஞ்சாரும், நெஞ்சுக்குள்ள என்னவோ செய்யுது. அம்புலன்ஸுக்கு ஒருக்கா அடியும்."

"வாய்வா இருக்கும் அப்பா. இஞ்சித் தேத்தண்ணி ஊத்திறன்."

"வாய்வு இல்லையப்பா. இடக்கை தூக்க ஏலாமல் கிடக்கு."

இந்த இடத்தில்தான் தக்ஷிகா உங்களுக்குத் துடக்கை விளக்க வேண்டும். எங்களில் ஒரு சாவு நடந்தால் அந்த வீட்டாருக்கு முப்பத்தொரு நாள் துடக்கு. கோயில் படி மிதிக்கக் கூடாது. மிதித்தால் கோயிலே கெட்டுப்போகும். ஐயரைக் கூப்பிட்டுக் கழுவிப் பூசை செய்ய வேண்டும். அதைவிட, கணவர் போய்விட்டால் மனைவி சுமங்கலி இல்லை. பிறகு எந்தக் காலத்திலும் ஆராத்தித் தட்டைத் தொட ஏலாது.

இப்போது என் நிலையை யோசியுங்கள். அம்புலன்ஸ் வந்தால் கூடவே நானும் ஏற வேண்டும். அவர் பிழைத்தாலும் தட்டு போய்விடும். வழியில் ஏதாவது நடந்தாலோ, தட்டோடு கோயிலும் போய்விடும். ஆனால் சோபாவில் சாய்ந்து மூச்சு விட்டுக்கொண்டிருக்கும் மனிதரால் துடக்கு வராது. சுகமில்லாத ஒரு வருத்தக்காரர் வீட்டில் இருக்கிறார், அவ்வளவுதான். வருத்தக்காரர் இல்லாத வீடு எது?

தேநீரைப் பக்கத்தில் வைத்தேன். முதுகுக்குத் தலையணை கொடுத்தேன். அவருடைய போனை எடுத்து என் கைப்பையில் போட்டேன். அது கணேஸ்வரனின் அழைப்புகளால் ஓயாமல் அலறும், வருத்தக்காரருக்கு அமைதி தேவை. அவர் போனுக்குக் கையை நீட்டியது உண்மைதான். பதறிப்போனால் ஆண்கள் ஊரைக் கூட்டிவிடுவார்கள்.

"டச்சஸ் போனவுடன வந்திடுவன். கொஞ்சம் பொறுங்கோ," என்றேன்.

"பாலா," என்றார். அவர் என்னை அப்படிப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பல வருடம் இருக்கும். கேட்க நன்றாக இருந்தது.

வெளிக்கதவை இரண்டு பூட்டும் பூட்டினேன். தமிழர் வீட்டில் நகை இருக்கும் என்பது இந்தப் பக்கத்துக் கள்ளர் எல்லாருக்கும் தெரியும். பூட்டுகளின் திறப்பு இரண்டும் என்னிடம் இருந்தன.

கோயில் வாசலில் கணேஸ்வரன் புதுக் கோட்டில் நின்றார். "அண்ணை எங்கை அக்கா?"

"சுகமில்லாமல் கிடக்கிறார்."

"இண்டைக்கெண்டு பார்த்தே? சரி சரி, வாங்கோ, லைனில நில்லுங்கோ."

நான் பொய் சொல்லவில்லை பாருங்கள். ஆனால் மனதில் ஒரு உறுத்தல் இருந்தது. வரும் வழியில் ஏதாவது நடந்திருந்தால்? தெரியாமலே துடக்கோடு சாமி வாசலில் நிற்பது எவ்வளவு பெரிய பாவம்? கள்ளருக்குப் பயந்து முன் அறையில் ஒரு கமரா பூட்டியிருக்கிறோம். படம் என் போனில் தெரியும். சப்பாத்து வைக்கும் அறைக்குப் போய்ப் பார்த்தேன். அவர் சோபாவில் இல்லை. நிலத்தில் ஊர்ந்து வெளிக்கதவு வரைக்கும் போயிருந்தார். உள்ளங்கையால் கதவைத் தட்டிக்கொண்டிருந்தார். அடி மெதுவானதுதான், ஆனால் விடாமல் தட்டினார். உயிரோடு இருந்தார். எனக்குப் பெரிய நிம்மதி. கை கால் கழுவி, கும்பிட்டுவிட்டுத் தட்டைத் தூக்கினேன்.

டச்சஸ் நீலம்தான் உடுத்திருந்தா. நேரில் கொஞ்சம் மெலிவு. திரி ஒழுங்காக எரிந்தது, சிலிண்டர்க்காரருக்கு வேலை வரவில்லை. முழங்காலை அளவாக மடக்கினேன். றஜீனா மடக்கிவிட்டு எழும்ப முடியாமல் பன்னீர்ச் செம்பைக் கணேஸ்வரனின் கோட்டில் கவிழ்த்தா.

டச்சஸ் என் சேலையை மெச்சினா. குடும்பமும் வந்திருக்கிறதா என்று கேட்டா. கணவருக்குச் சுகமில்லை, வர முடியாததில் அவருக்கு மிகவும் கவலை என்றேன். "அவரிடம் என் அன்பைச் சொல்லுங்கள்," என்று என் கையைப் பிடித்தா. அந்த நேரம் படக்காரர் எடுத்த படம்தான் மண்டபச் சுவரில் இருக்கிறது. பார்த்தால் தெரியும், வாசலில் வேறு ஒருவரும் இல்லாத மாதிரி நாங்கள் இருவரும் சிரிக்கிறோம்.

பிறகு வயதானவர்களோடு இருந்து சாப்பிட்டா. பருப்புக்கறி இரண்டாம்தரம் வாங்கினா. அரச குடும்பத்தவர் எழுந்து போகும்வரை மற்றவர்கள் புறப்படுவது மரியாதையில்லை. இது உங்களுக்கே தெரியும். இடையில் ஒருமுறை போனைப் பார்த்தேன். கதவடியில் கிடந்தார், வாய் அசைந்தது.

கார் புறப்பட்டு, எல்லாரும் கையசைத்து முடித்த பிறகு பார்த்தேன். அசைவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகும் அசைவில்லை.

அதற்குமேல் நான் கோயிலில் ஒரு கணம் நிற்கவில்லை. பிரசாதம் கொண்டுவந்தார்கள், வாங்கவில்லை. தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. யாரிலும் முட்டாமல் பின்வாசலால் வெளியே வந்தேன். இவ்வளவு கவனமாக இருந்த என்னைத்தான் இப்போது ஊர் இப்படிப் பேசுகிறது.

மாரடைப்பு என்று டாக்டர் எழுதினார். நான் கோயிலிலிருந்து வந்து பார்த்தபோது இறந்து கிடந்தார் என்றேன். யாரும் மேலே ஒன்றும் கேட்கவில்லை. செத்தவீட்டுக்கு லண்டனின் மற்றப் பக்கத்து ஆர்ச்வேயிலிருந்தும் எட்மண்டனிலிருந்தும்கூடச் சனம் வந்தது. டச்சஸின் அன்பைச் சொல்ல முடியவில்லையே என்று பெட்டிக்குப் பக்கத்தில் இருந்து அழுதேன்.

மே மாதம் கணேஸ்வரன் தேர்தலில் தோற்றார். நோட்டீஸ் கொடுக்க ஆளில்லை, தோற்றார். ஆனால் போன ஞாயிறு கோயில் கூட்டத்தில் என்ன சொன்னார் தெரியுமா?

"புருசன் வீட்டில பிணமாக் கிடக்க, தாலியில்லாத மனிசி கோயில் வாசலில ஆராத்தி எடுத்தா. அந்தத் துடக்குத்தான் என்னையும் கோயிலையும் பிடிச்சு ஆட்டுது."

ஒரு சனம் மறுத்துப் பேசவில்லை. கோயிலைக் கழுவிப் பூசை செய்யத் தீர்மானம். என் படத்தைக் கழற்றிவிட்டு, றஜீனா டச்சஸோடு நிற்கும் படத்தைப் போடவும் தீர்மானம். வருகிற வெள்ளிக்கிழமை செய்யப்போகிறார்கள். துடக்கோடு சாமி வாசல் மிதித்தவள் என்ற பெயரோடு நான் எப்படி மோர்டனில் தலைநிமிர்ந்து நடப்பது?

அதனால்தான் வந்தேன். கமராப் பதிவு முழுவதும் இந்தப் போனில் இருக்கிறது, ஓரத்தில் நேரமும் ஓடுகிறது. ஆராத்தி எடுத்த நேரத்தைப் படக்காரரிடம் கேட்டு ஒப்பிட்டுப் பாருங்கள். நான் தட்டைத் தூக்கியபோது அவர் கதவைத் தட்டிக்கொண்டிருந்தார். டச்சஸ் என் கையைப் பிடித்தபோதும் தட்டிக்கொண்டிருந்தார். பருப்புக்கறி பரிமாறும்போதுகூட உயிரோடு இருந்தார். இதைப் பொலிஸ் பார்த்துச் சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் கணேஸ்வரன் வாய் திறக்க மாட்டார். எனக்கு வேறு ஒன்றும் வேண்டாம்.

இந்தப் பிள்ளை ஏன் அழுகிறா? நீங்களும் எழுதுவதை விட்டுப் பேனாவைக் கீழே வைத்துவிட்டீர்கள்.

"தக்ஷிகா, என்ன பிள்ளை நிப்பாட்டிப்போட்டாய்? அழாதை. அவர் உயிரோடைதான் இருந்தவர் எண்டு அதிகாரிக்கு வடிவா விளங்கப்படுத்து."