சரிக்குச் சரி ஊற்றினாலும்

டீ நன்றாக இருக்கிறது சார், சர்க்கரைதான் கொஞ்சம் தூக்கல். எழுதுகிறவரை மெதுவாகவே எழுதச் சொல்லுங்கள். எனக்கு அவசரம் இல்லை.

இரும்புச் சாமான்களுக்கு முலாம் பூசும் பட்டறை எங்களுடையது. முதலில் துருப் போக அமிலத் தொட்டியில் முக்கி எடுப்போம். அலசிய தண்ணீர் கடைசியில் என்னிடம் வரும். அதில் அம்மோனியா ஊற்றி அமிலத்தை அடக்கி வெளியே விடுவதுதான் பதினாறு வருஷமாக என் பிழைப்பு. அமிலமும் காரமும் சேர்ந்தால் உப்பும் தண்ணீரும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். விஷயம் அதோடு முடிவதில்லை. அமிலம் முரடு, அம்மோனியா சாது. சரிக்குச் சரி அளந்து ஊற்றினாலும் சோதனைத் தாள் சிவப்புப் பக்கம்தான் சாயும். அம்மோனியா முழுக்கத் தீர்ந்திருக்கும், புளிப்பு மட்டும் மிச்சம் நிற்கும்.

என் தங்கை ஒன்பது வருஷம் அப்படித்தான் குடும்பம் நடத்தினாள். சாப்பாடு ஆறியிருந்தால் அறை, சுட்டால் உதை. வேலையில்லாமல் திரிந்த அவள் புருஷனை இரண்டு மாதத்துக்கு முன்பு எங்கள் பட்டறையில் அமிலத் தொட்டி வேலைக்குச் சேர்த்துவிட்டவனே நான்தான். அந்த வயிற்றெரிச்சலை யாரிடம் சொல்ல? போன மாதம் உடைந்த பல் இரண்டைக் கையில் வைத்துக்கொண்டு வந்து நின்றாள். அப்போதும், "நீ இதுல தலையிடாதண்ணே, நான் பாத்துக்கறேன்" என்றாள். பார்த்துக்கொண்ட லட்சணம்தான் தெரிந்ததே.

நான் சண்டைக்குப் போகவில்லை. பட்டறையில் அவன் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டபடி பேச்சுவாக்கில் ஒன்று சொல்லி வைத்தேன்.

"ஆசிட் மேல பட்டா அம்மோனியாவ ஊத்திக்கோ மாப்பிள்ளை. ரெண்டும் சேந்தா வெறும் தண்ணிதான்."

மச்சான் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று தலையாட்டினான். உண்மையில் தண்ணீரைத் தவிர எதையும் ஊற்றக் கூடாது. காரம் பட்டால் சூடு கிளம்பி, வெந்த இடமே மறுபடி வேகும். பட்டறையில் அவனைத் தவிர எல்லோருக்கும் அது தெரியும்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். தண்ணீர்க் குழாயின் வால்வை மூடிவிட்டு வந்தேன். அவன் தொட்டிக்கு மேல் குனிந்தபோது பின்னங்கழுத்தைப் பிடித்து முகத்தை உள்ளே அழுத்தினேன். ஐந்து எண்ணிவிட்டுக் கையை எடுத்தேன். கையுறை போட்டிருந்ததால் எனக்கு ஒன்றும் ஆகவில்லை. கண் தெரியாமல் போய்க் குழாயைத் திருகினான், காற்றுதான் வந்தது. பிறகு தடவித் தடவி அம்மோனியா கேனை அவனே தூக்கித் தலையில் கவிழ்த்துக்கொண்டான். எழும்பிய வெள்ளைப் புகையில் ஆளே தெரியவில்லை. அழுத்தியது யார் என்று அவனுக்குக் கடைசி வரை புரியவில்லை போலிருக்கிறது. உள்ளேயிருந்து, "மச்சான், தண்ணி" என்று என்னைத்தான் கூப்பிட்டான். சத்தம் நின்ற பிறகு வால்வைத் திறந்துவிட்டேன். அழுத்தியது நான், ஊற்றிக்கொண்டது அவன் கை. அதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள்.

எல்லோரும் விபத்து என்றார்கள். தங்கையை என் வீட்டுக்கே கூட்டி வந்தேன். அவள்தான் பக்கத்திலேயே குழாய் இருந்தும் அவன் ஏன் தண்ணீரில் கழுவவில்லை என்று தோண்டித் துருவிக் கேட்டாள். எல்லாம் நான் செய்ததுதான், உனக்காகத்தான் என்று சொன்னேன். நிம்மதி அடைவாள் என்று பார்த்தால், உதைத்தவனுக்காக உட்கார்ந்து அழுகிறாள். எனக்கு எப்படி இருக்கும்? காதில் கட்டுப் போட்டுக்கொண்டு உங்களிடம் வந்து என்னைப் பற்றிச் சொன்னாளாம். இரண்டு அறைதான் சார் விட்டேன். புருஷன் அடிப்பதும் கூடப் பிறந்தவன் அடிப்பதும் ஒன்றா, நீங்களே சொல்லுங்கள்.