இரண்டாம் ஓலைக்குப் பிறகு ஆக்சிலியா போட்ட வீடியோ

பெயர் ராயம்மாள், வயது 71, கணவர் பெயர் கஸ்பார் (காலமாகிவிட்டார்), கடத்தூர் மாதா கோயில் தெரு. ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். எழுதியதை நானே வாசித்துப் பார்த்துத்தான் கையெழுத்துப் போடுவேன்.

நான் மேற்படி விலாசத்தில் மகன் குடும்பத்தோடு குடியிருந்து வருகிறேன். மூத்த பேத்தி அனிஷா பேங்க் பரீட்சையில் முதல் தடவையே தேறி ஓசூரில் வேலையில் இருக்கிறாள். பேரன் ஜெரால்டு மாவட்டப் போட்டியில் குண்டு எறிந்து கலெக்டர் கையால் கோப்பை வாங்கியவன். இளையவள் ஆக்சிலியா நர்சிங் முடித்து தர்மபுரியில் ஒரு ஆஸ்பத்திரியில் இருக்கிறாள், அவள் ஊசி போட்டால் குழந்தைகூட அழாது. இதெல்லாம் விசாரணைக்கு வேண்டாம் என்று சப்-இன்ஸ்பெக்டர் காசியம்மாள் அவர்கள் சொன்னார்கள். புகாரில் எங்களை ஏமாற்றுக்காரக் குடும்பம் என்று எழுதியிருப்பதால் இதுவும் வேண்டும் என்று நான் சொன்னதன் பேரில் எழுதப்பட்டது.

ஆக்சிலியாவுக்குப் பள்ளிக்கூடத்துக் காலம் தொட்டு வலிப்பு உண்டு. மாத்திரை விடாமல் சாப்பிடுவதால் சில வருடங்களாக வரவில்லை. அவளுக்கும், பென்னாகரத்தில் மோட்டார் ரிப்பேர் கடை வைத்திருக்கும் அந்தோணி பிரகாஷுக்கும் கல்யாணம் நிச்சயமானது. பெண் பார்க்க வந்த அன்று மாப்பிள்ளை வீட்டார் அலமாரியில் மாத்திரையைப் பார்த்துக் கேட்டதற்கு, என் மருமகள் நிர்மலா ரத்தம் ஊறுவதற்கு என்று சொல்லிவிட்டாள். ஆக்சிலியாவுக்கு அது பிடிக்கவில்லை. முதலில் கல்யாணம் முடியட்டும் என்று அவள் வாயை அடைத்துவிட்டார்கள்.

அதன் பிறகு கோயிலில் ஓலை வாசித்தார்கள். எங்கள் சபையில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு பூசையில் பெண் மாப்பிள்ளை பெயரை வாசித்து, தடை ஏதும் தெரிந்தவர்கள் பங்குச்சாமியாரிடம் தெரிவிக்கவேண்டும் என்று சொல்வது வழக்கம். முதல் ஓலைக்கு ஆக்சிலியா தலையைக் குனிந்துகொண்டாள். இரண்டாம் ஓலைக்கு என் கையைப் பிடித்தாள். அதன் பிறகு வீட்டுக்கு வந்து, அடுப்பில் கறி வேகும்போதே மொட்டை மாடிக்குப் போய், துணிக்கொடிக்குக் கீழே உட்கார்ந்து செல்போனில் பேசி வீடியோ போட்டுவிட்டாள். அதில், "தடை தெரிஞ்சவங்க சொல்லணும்னு ரெண்டு வாரமா கேக்கறாங்க. யாரும் சொல்லல. எனக்குத் தெரியும், நானே சொல்றேன். எனக்கு வலிப்பு இருக்குது, எங்க வூட்ல மறைச்சிட்டாங்க" என்று சொல்லி மாத்திரை அட்டையையும் காட்டியிருக்கிறாள்.

பொழுது சாய்வதற்குள் ஊரே பார்த்துவிட்டது. நிர்மலா தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு படுத்துவிட்டாள். சாமியாரிடம் சொல்லியிருக்கலாம், மாப்பிள்ளையிடமாவது சொல்லியிருக்கலாம், உலகத்துக்கே ஏன் சொன்னாய் என்று நான் ஆக்சிலியாவைக் கேட்டேன்.

"அவரு முகத்தப் பாத்தா எனக்கு வாய் வராது ஆயா. போனுக்கு முகம் இல்ல. ஒருத்தர்கிட்ட மட்டும் சொன்னா, அவங்க எப்ப யார்கிட்ட சொல்லுவாங்களோன்னு காலம்பூரா பயந்துட்டுக் கெடக்கணும். இனிமே யாரு சொன்னா எனக்கென்ன" என்றாள்.

அதன் பிறகு, வீடியோவுக்குக் கீழே முன்பின் தெரியாத பெண்கள் எழுதியிருந்ததை வாசித்துக் காட்டினாள். ஒருத்தி தனக்கும் வலிப்பு உண்டு என்றும், புருஷனுக்குத் தெரியாமல் அரிசிப் பானைக்குள் மாத்திரை வைத்திருப்பதாகவும் எழுதியிருந்தாள். சாமியாரிடம் பாவத்தைச் சொல்ல நான் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனாலும் நடுவில் தொங்கும் திரைதான் எனக்குத் தைரியம். ஆகையால் பேத்தி சொன்னது எனக்குப் புரிந்தது.

மறுநாள் மாப்பிள்ளையின் பெரியப்பா விக்டர் இந்த நிலையத்தில் புகார் கொடுத்தார். நோயை மறைத்து ஏமாற்றினார்கள், பிறகு ஊரறியச் சொல்லித் தங்கள் குடும்பத்தை அசிங்கப்படுத்தினார்கள், வீடியோவை அழித்து மன்னிப்புக் கேட்கவேண்டும், கல்யாணம் நின்றது நின்றதுதான் என்று அதில் இருந்தது. ஆக்சிலியாவின் செல்போனை விசாரணைக்காக வாங்கி வைத்தார்கள்.

இன்று இரு வீட்டாரும் நிலையத்துக்கு வந்தோம். மறைத்ததும் குற்றம், சொன்னதும் குற்றமா, இரண்டில் ஒன்றை வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள் என்று நான் கேட்டேன். விக்டர் மின்விசிறியைப் பார்த்தார்.

அப்போது அந்தோணி பிரகாஷ் கையில் கிரீஸோடு வந்து சேர்ந்தார். வீடியோ வந்ததிலிருந்து அவர் ஆக்சிலியாவிடம் பேசவில்லை. இவள் அவரை நிமிர்ந்து பார்க்கவில்லை. எதையெல்லாம் மறைத்தார்கள் என்று கேளுடா என்று விக்டர் சொன்னார். மாப்பிள்ளை கர்சீப்பை வாயில் வைத்து, மேல் முன்பல் இரண்டைக் கழற்றி சப்-இன்ஸ்பெக்டர் மேடத்தின் மேசை மேல் வைத்தார். கபடியில் போன பல் என்றும், பெண் வீட்டில் சொல்லவேண்டாம் என்றது பெரியப்பாதான் என்றும் சொன்னார்.

"இதுவும் ஓலையில வரலைங்க மேடம்" என்றார். பாதி காற்றாகத்தான் வந்தது.

அவர் பல்லை எடுத்து மாட்டப்போனபோது ஆக்சிலியா, "அப்படியே மாட்டாதீங்க, கழுவிட்டு மாட்டுங்க" என்றாள். அதன் பிறகுதான் சிரித்தாள். அவர் கழுவி மாட்டிக்கொண்டு வந்து, வருகிற ஞாயிறு மூன்றாம் ஓலை வாசிக்கச் சொல்லட்டுமா என்று கேட்டார். மாத்திரையும் கூடவே வரும் என்று அவள் சொன்னாள்.

"வரட்டும். அலமாரில முன்னாலயே வெச்சுக்கலாம்" என்றார்.

அதன் பிறகு விக்டர் புகாரை வாபஸ் வாங்குவதாக எழுதிக் கொடுத்தார். பேனா நான் கொடுத்தேன்.

வாசித்துப் பார்த்தேன். நான் சொன்னதுதான் இருக்கிறது, கூட்டவும் இல்லை குறைக்கவும் இல்லை, அத்தனையும் உண்மை. வீடியோ இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும். ஆனால் வீடியோவிலிருந்து எடுத்துப் புகாரோடு சேர்த்திருக்கும் படத்தில் என் பேத்தி பழைய நைட்டியில் இருக்கிறாள், அவள் தலைக்கு மேல் என் உள்பாவாடை தொங்குகிறது. ஆகையால் செல்போனைத் திருப்பிக் கொடுத்து, அவள் பட்டுப்புடவையிலும் மாப்பிள்ளை பல்லோடும் நிற்கும் புதுப் படம் ஒன்று எடுத்து அந்த வீடியோவுக்குப் பக்கத்திலேயே போட அனுமதிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

(ஒப்பம்) க. ராயம்மாள்